மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால்

கொஞ்சம் நீளமான பதிவு. கணிதம் பிடிக்காதவர்களும் வாசிக்கலாம். சரித்திரம்தான் அதிகம், கணக்கு கொஞ்சம்தான்.

எமது வாட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு செய்தி இருக்கிறது. "அட்சரகணிதத்தின் தந்தை அல் குவாரிஸ்மி. பூச்சியத்தையும் மறை எண்களையும் உலகுக்குத் தந்தவரும் அவரே." கீழே நாற்பது ஐம்பது பேர் "மாஷா அல்லாஹ்" போட்டிருப்பார்கள். முதல் வசனத்தில் எனக்குப் பிரச்சினை இல்லை. இரண்டாவது வசனம் பிழை. அல் குவாரிஸ்மியின் அட்சரகணித நூலில் மறை எண் ஒன்று விடையாக வருவதே இல்லை. மறை எண் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அவர் அத்தனை பாடுபட்டிருக்கிறார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் உண்மையான கதை அந்தச் செய்தியைவிடச் சுவையானது. அதோடு, எமது பிள்ளைகள் தரம் 7 இல் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கும் அதில் ஒரு விளக்கம் இருக்கிறது.

"திசைகொண்ட எண்கள்" பாடம் படிப்பிக்கும் எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். "மறையும் மறையும் நேர்" என்று பிள்ளைக்கு யாரோ ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நம்பி அது (−3) + (−4) = +7 என்று எழுதும். கடையில் 300 ரூபாய் கடன், அதற்கு மேல் இன்னும் 400 ரூபாய் கடன், ஆகவே கையில் 700 ரூபாய் காசு இருக்கிறது! அந்தப் பிள்ளையை அதே கடைக்கு அனுப்பினால் இப்படி ஒருநாளும் பிழை விடாது. கொப்பியில் மட்டும்தான் விடும். இந்த ஒரு இடத்தில் கணிதத்தை வெறுக்கத் தொடங்கி, சாதாரண தரம் வரைக்கும் அந்த வெறுப்பைச் சுமந்து போகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு மூளை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அவர்கள் தடுக்கி விழுந்த அதே கல்லில் உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களாகத் தடுக்கி விழுந்திருக்கின்றன.

அல் குவாரிஸ்மியிலிருந்தே தொடங்குவோம். கலீபா அல் மஃமூனின் காலம், பக்தாத், கி.பி. 820 அளவு. "அல் ஜப்ர் வல் முகாபலா" பற்றிய அவருடைய சிறு நூலின் பெயரிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளின் "அல்ஜிப்ரா" பிறந்தது. அரபியில் ஜப்ர் என்றால் உடைந்ததைப் பொருத்துவது. முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல்தான். ஸ்பெயினில் "அல்ஜெப்ரிஸ்டா" என்று எமது ஊர் முறிவு நெறிவு வைத்தியர் போன்றவர்களையும் அழைத்தார்கள்.

கணக்கில் எதை உடைந்தது என்றார் அவர்? கழித்தல் இருக்கும் இடத்தைத்தான். அவருடைய நூலில் வரும் சமன்பாடு ஒன்று: ஒரு வர்க்கம், 40 பொருள்களில் 4 வர்க்கம் குறைந்ததற்குச் சமன். (தெரியாத எண்ணை அவர் "பொருள்" என்பார். வர்க்கத்துக்கு அவர் வைத்த பெயர் "மால்". செல்வம் என்று எமக்கெல்லாம் தெரிந்த அதே மால்தான்.) வலது பக்கத்தில் 40 பொருள்கள் முழுமையாக இல்லை, 4 மால் குறைகிறது. அது ஊனம். அந்தக் குறையை நிரப்ப இரண்டு பக்கமும் 4 மால் சேர்க்கிறார். இப்போது 5 மால் = 40 பொருள். ஊனம் போய்விட்டது. அதுதான் ஜப்ர். ஆகவே "அட்சரகணிதம்" என்று உலகம் முழுக்க வழங்கும் அந்தப் பெயரே, கழித்தற்குறியைக் கண்ட இடத்தில் அதை ஒழித்துக்கட்டும் வேலையின் பெயர்!

இதன் விளைவைப் பாருங்கள். இன்று எமது பிள்ளைகள் இருபடிச் சமன்பாடு என்றால் எல்லா உறுப்பையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூச்சியம் போட்டு, ஒரே வடிவில் எழுதுகிறார்கள். அல் குவாரிஸ்மிக்கு ஆறு வடிவங்கள் தேவைப்பட்டன: மால் வேர்களுக்குச் சமன், மால் எண்ணுக்குச் சமன், வேர்கள் எண்ணுக்குச் சமன், மாலும் வேர்களும் சேர்ந்து எண்ணுக்குச் சமன், மாலும் எண்ணும் சேர்ந்து வேர்களுக்குச் சமன், வேர்களும் எண்ணும் சேர்ந்து மாலுக்குச் சமன். ஒவ்வொன்றுக்கும் தனி வழி. "இவை எல்லாம் சேர்ந்து பூச்சியம்" என்று அவரால் எழுத முடியாது. நேர் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனையைக் கூட்டினாலும் பூச்சியம் வராது அல்லவா? பூச்சியம் வர வேண்டுமென்றால் ஒன்றுக்கு எதிராக இன்னொன்று நிற்க வேண்டும். அந்த எதிராளி அவருடைய உலகத்தில் இல்லை.

ஆனால் கடன் அவருக்குத் தெரியாததா? அந்த நூலில் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள்தான். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் இரண்டு ஆண்மக்களை விட்டு மௌத்தாகிறார். கையில் உள்ளது 10 திர்ஹம். அது தவிர, மக்களில் ஒருவர் வாப்பாவுக்கே 10 திர்ஹம் கடன். வாரிசு அல்லாத ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வஸிய்யத். எப்படிப் பிரிப்பது?

கடன்பட்ட மகனின் பங்கு அவருடைய கடனிலேயே கழியும். அப்படிக் கழியும் தொகையை "பொருள்" என்று வையுங்கள். அப்போது பிரிக்க உள்ள மொத்தம் 10 உம் ஒரு பொருளும். அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போகிறது. மீதியை இரண்டாகப் பிரித்தால் ஒரு மகனுக்கு மூன்றே கால் அல்ல, சரியாக மூன்றும் மூன்றில் ஒன்றும், அதோடு பொருளில் மூன்றில் ஒன்றும். இது ஒரு பொருளுக்குச் சமனாக வேண்டும். ஆகவே பொருள் = 5. வெளியாருக்கு 5, ஒரு மகனுக்கு 5, கடன்பட்ட மகன் கையில் ஒன்றும் பெறாமல் அவருடைய கடனில் 5 கழிகிறது. எத்தனை அழகான கணக்கு! கடன் இங்கே சொத்தாகவும் நிற்கிறது, கடனாகவும் நிற்கிறது. வாப்பாவின் பக்கத்தில் அது வரவேண்டிய காசு, மகனின் பக்கத்தில் கொடுக்க வேண்டிய காசு. ஆனால் அதை "−10" என்று ஒரு எண்ணாக எழுதும் தேவை அல் குவாரிஸ்மிக்கு வரவில்லை. கடன் என்பது மனிதர்களுக்கிடையிலான விஷயம். எண் என்பது எண்ணக்கூடிய சாமான். இரண்டையும் அவர் கலக்கவில்லை.

கலந்தவர் சுமார் 150 வருடம் கழித்து வந்தார். அபுல் வஃபா அல் பூஸ்ஜானி, 940 இல் பிறந்தவர். திரிகோணகணிதத்தில் பெரிய பெயர். சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்குக்கூட அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் தேடும் விஷயம் அவருடைய பெரிய ஆராய்ச்சி நூல்களில் இல்லை. காரியாலய எழுதுவினைஞர்களுக்கும் வரி, வியாபாரம் பார்ப்பவர்களுக்கும் என்று அவர் எழுதிய நடைமுறைக் கணித நூலில் இருக்கிறது. மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால்? 2 "தைன்" என்கிறார். கடன் 2. அதோடு விடவில்லை. அந்தக் கடனைப் பத்தால் பெருக்குகிறார், 20 கடன். அதை 35 என்ற சொத்தோடு கூட்டுகிறார், 15 வருகிறது. கடனை எடுத்துப் பெருக்குகிறார், கூட்டுகிறார், ஒரு எண்ணை நடத்துவது போலவே நடத்துகிறார். தத்துவவாதிகளுக்கு எழுதாமல் கணக்கப்பிள்ளைகளுக்கு எழுதியதால்தான் இந்தத் துணிச்சல் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் அஸ் ஸமவ்அல். இவருடைய பெயரை எமது பெருமைப் பட்டியல்களில் நான் கண்டதே இல்லை. "அல் பாஹிர்" என்ற அட்சரகணித நூலை எழுதும்போது வயது 19. யூதக் குடும்பத்துப் பிள்ளை, 1163 இல்தான் இஸ்லாத்துக்கு வருகிறார். வெறுமையான இடத்திலிருந்து ஒரு நேர் எண்ணைக் கழித்தால் அதே அளவு மறை எண் மிஞ்சும், வெறுமையிலிருந்து ஒரு மறை எண்ணைக் கழித்தால் அதே அளவு நேர் எண் மிஞ்சும் என்று விதியாகவே எழுதிவிட்டார். கடன், சொத்து என்ற கதையெல்லாம் இல்லை. பூச்சியத்திலிருந்து புறப்பட்டால் இரண்டு பக்கமும் போகலாம் என்கிறார். தரம் 7 இன் முழுப் பாடமும் இந்த இரண்டு வசனங்களில் அடங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். ஸமவ்அலுக்கு ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே, கி.பி. 628 இல், பிரம்மகுப்தர் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். இன்றைய ராஜஸ்தானில் உள்ள பீன்மால்தான் அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர். "பிரம்மஸ்புடசித்தாந்தம்" எழுதும்போது அவருக்கு வயது 30. நேர் எண்ணுக்கு "தனம்" என்றும் மறை எண்ணுக்கு "ருணம்" என்றும் பெயர். அதாவது சொத்து, கடன். இரண்டு சொத்தைக் கூட்டினால் சொத்து. இரண்டு கடனைக் கூட்டினால் கடன். சொத்தையும் கடனையும் கூட்டினால் வித்தியாசம். இரண்டும் சம அளவாக இருந்தால் பூச்சியம். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் சொத்து. கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து. (பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றும் சொல்லிவிட்டார். அது பிழை. ஆனால் அந்த இடத்தில் அவருக்குப் பின் வந்தவர்களும் நீண்ட காலம் தடுமாறினார்கள்.)

இதில் நான் பெரிதாக மதிப்பது "சம அளவாக இருந்தால் பூச்சியம்" என்ற அந்த ஒரு வரியைத்தான். அதற்கு முன் பூச்சியம் என்றால் எண்களுக்கு நடுவில் ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டும் ஓர் அடையாளம். இவர் கையில் அது இரண்டு எதிரெதிர் எண்கள் சந்திக்கும் இடமாக மாறுகிறது. 5 உம் −5 உம் ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்ளும் புள்ளி. எமது பாடநூல் மொழியில் சொன்னால் கூட்டல் நேர்மாறு.

பக்தாதுக்கு இது தெரியாதா? இந்திய வானியல் கணிப்புகள் 770களில், கலீபா அல் மன்ஸூர் காலத்தில், அங்கே வந்து சேர்ந்தன. அவை பிரம்மகுப்தரின் மரபைச் சேர்ந்தவை. அல் குவாரிஸ்மியின் வானியல் அட்டவணையே "சிந்துஹிந்த்" என்ற அந்தப் பெயரைத் தாங்கியது. இந்திய எண்களைப் பற்றித் தனி நூலும் எழுதினார். பூச்சியத்தை அவர் அறிமுகப்படுத்தினார் என்றால் சரி, கண்டுபிடித்தார் என்றால் பிழை. ஆனால் தனம், ருணம் விதிகளின் சாயல் அவருடைய அட்சரகணிதத்தில் இல்லை. அறிவு மூட்டை கட்டி வரும்போது எல்லாச் சாமானும் ஒரே தடவையில் வந்துவிடுவதில்லை. வந்தாலும் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை.

இன்னும் பின்னால் போனால் சீனா. "கணிதக்கலை பற்றிய ஒன்பது அத்தியாயங்கள்" என்ற நூல் ஏறத்தாழ 2000 வருடப் பழமை. கி.பி. 263 இல் லியூ ஹுய் என்பவர் அதற்கு உரை எழுதினார். அவர்கள் கணக்குப் போட்டது பலகையில் அடுக்கும் குச்சிகளால். நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்கிறது அந்த உரை. (இன்று கணக்காளர்கள் நட்டத்தைத்தான் சிவப்பில் காட்டுகிறார்கள். நிறம் தலைகீழாகிவிட்டது.) அந்த நூலின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கணக்கு: 2 மாடும் 5 ஆடும் விற்று 13 பன்றி வாங்கினால் 1000 காசு மிஞ்சும். 3 மாடும் 3 பன்றியும் விற்று 9 ஆடு வாங்கினால் சரியாகக் கணக்குத் தீரும். 6 ஆடும் 8 பன்றியும் விற்று 5 மாடு வாங்கப் போனால் 600 காசு குறையும். விற்றது நேர், வாங்கியது மறை. மிஞ்சினால் நேர், குறைந்தால் மறை. நடுவில் உள்ள பேரத்தைப் பாருங்கள். விற்றதும் வாங்கியதும் சேர்ந்து பூச்சியம்! அல் குவாரிஸ்மியால் எழுத முடியாத வகைச் சமன்பாட்டை, அவருக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே சந்தையில் நின்று எழுதியிருக்கிறார்கள். மறை எண் என்றால் என்ன என்று அவர்கள் தத்துவம் பேசவில்லை. சிவப்பும் கறுப்பும் எதிர்ப்பட்டால் இரண்டையும் எடுத்துவிடு, அவ்வளவுதான்.

விதி தெரிந்தவர்கள்கூட மனதார ஏற்றுக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. 1150 அளவில் வாழ்ந்த பாஸ்கரரின் "பீஜகணிதம்" நூலில் ஒரு குரங்குக் கணக்கு. ஒரு குரங்குக் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3 ஐக் கழித்து, அதை வர்க்கித்தால் வரும் தொகைக் குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. மொத்தம் எத்தனை? 50 என்றால் பொருந்துகிறது: ஐந்தில் ஒன்று 10, மூன்று குறைந்தால் 7, வர்க்கம் 49, வெளியே 1. ஆனால் 5 உம் பொருந்துகிறது: ஐந்தில் ஒன்று 1, மூன்று குறைந்தால் −2, வர்க்கம் 4, வெளியே 1. சமன்பாடு இரண்டையும் தருகிறது. பாஸ்கரர் 5 ஐத் தள்ளிவிடுகிறார். காரணம், நடுவில் −2 குரங்கு வருகிறதே, அதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பது. பிரம்மகுப்தரின் விதிகளைக் கரைத்துக் குடித்தவருக்கே இந்த நிலை.

ஐரோப்பாவின் கதையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த டயோபாண்டஸ், நான்கு மடங்கோடு 20 ஐக் கூட்டினால் 4 வரும் வகைச் சமன்பாட்டை அபத்தம் என்று ஒதுக்கினார். 1545 இல் கார்டானோ மறை விடைகளைக் கற்பனை எண்கள் என்றார். 1637 இல் டேகார்ட் அவற்றைப் பொய் மூலங்கள் என்றார். பஸ்கால் எத்தனை பெரிய மேதை! பூச்சியத்திலிருந்து நான்கை எடுத்தால் பூச்சியம்தான் மிஞ்சும், இது விளங்காத ஆட்களும் இருக்கிறார்களே என்று எழுதினார். இல்லாததிலிருந்து எப்படி எடுப்பது என்பதுதான் அவருடைய வாதம். தரம் 7 இல் பின்வாங்கில் இருக்கும் பிள்ளை கேட்பதும் இதைத்தான். பஸ்காலின் நண்பர் ஆர்னோ இன்னொரு கேள்வி கேட்டார்: −1 க்கு 1 எப்படியோ அப்படியே 1 க்கு −1 என்றால், சின்னதற்குப் பெரியது எப்படியோ அப்படியே பெரியதற்குச் சின்னது என்று ஆகிறதே, இது எப்படி? நல்ல கேள்விதான். "பெரிது, சிறிது" என்ற சொற்களை அளவோடு மட்டும் பிணைத்து வைத்திருந்தால் இதற்குப் பதில் கிடையாது.

இதே காலத்தில் வெனிஸ் வியாபாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இரட்டைப் பதிவு முறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். லூகா பச்சோலி என்ற துறவி 1494 இல் வெளியிட்ட கணித நூலில் அதை விளக்கமாக எழுதினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு பக்கம் பதியப்படும், கடைசியில் இரு பக்கமும் சமன்பட வேண்டும். வித்தியாசம் பூச்சியம் இல்லையென்றால் எங்கோ பிழை. மறை எண் என்ற சொல் இல்லாமலே எதிர் எண்களின் முழு வேலையையும் அந்தப் பேரேடு செய்தது. வணிகக் கல்வி படிக்கும் எமது உயர்தரப் பிள்ளைகள் பரீட்சை மீதி செய்வது இதுதான்.

1685 இல் ஜோன் வொலிஸ் என்ற ஆங்கிலேயர் நல்ல வழி ஒன்று காட்டினார். ஒருவர் 5 யார் முன்னே போய், 8 யார் பின்னே வந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனை யார் முன்னே நிற்கிறார்? −3. அதாவது 3 யார் பின்னால். எமது பாடநூலின் எண்கோடு இந்தச் சிந்தனைதான். அப்படியும் 1758 இல் மசேர்ஸ் என்பவர், மறை எண்களை அட்சரகணிதத்திலிருந்து துரத்த வேண்டும் என்று தனி நூலே போட்டார்.

அந்தச் சண்டையின் கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர் எமக்கு அருகில் வருகிறது. ஒகஸ்டஸ் டி மோர்கன். 1806 இல் மதுரையில் பிறந்தவர். ஆம், தமிழ்நாட்டு மதுரையில்தான். அவருடைய கணக்கு: தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. இன்னும் எத்தனை வருடத்தில் தந்தையின் வயது மகனுடையதைப் போல் இரு மடங்காகும்? கணக்குச் செய்தால் −2 வருகிறது. "இன்னும் −2 வருடத்தில்" என்றால் அபத்தம் என்றார் அவர். கேள்வியைத் திருத்தி "எத்தனை வருடத்துக்கு முன்" என்று கேட்டால் 2 என்ற ஒழுங்கான விடை வரும் என்றார். எனக்கோ அந்த −2 தான் அழகு. நாம் பிழையாகக் கேட்டோம், கணக்கு எம்மைத் திருத்தியே பதில் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் 54 உம் 27 உம். சரிதானே?

இத்தனை பேரும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள்: "ஒன்றுமில்லாததை விடக் குறைந்த பொருள் எது?" அந்தக் கேள்விக்கு விடை இல்லை. அப்படி ஒரு பொருள் கிடையாது. −5 மாம்பழத்தை யாரும் தின்றதில்லை. பிரம்மகுப்தரும் ஸமவ்அலும் லியூ ஹுய்யும் தப்பித்தது கேள்வியை மாற்றியதால். "இது என்ன பொருள்" என்று கேட்கவில்லை, "எதோடு சேர்ந்தால் பூச்சியமாகும்" என்று பார்த்தார்கள். −5 என்றால் 5 உடன் சேர்ந்து பூச்சியமாவது. வேறு அடையாள அட்டை அதற்குத் தேவையில்லை.

வகுப்பில் நான் சீனர்களின் முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குச்சிக்குப் பதிலாகக் காகிதத் துண்டு. சிவப்பு நேர், கறுப்பு மறை. ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் ஒரு சோடி. சோடி என்றால் பூச்சியம். மேசையில் எத்தனை சோடி வைத்தாலும் எடுத்தாலும் கணக்கு மாறாது. இப்போது 3 − 5. மேசையில் 3 சிவப்பு, ஐந்தை எடுக்க வேண்டும். இல்லையே! பஸ்கால் நின்ற இடம் இதுதான். பிள்ளை என்ன செய்யும்? இரண்டு சோடி கொண்டுவந்து வைக்கும். இப்போது 5 சிவப்பு, 2 கறுப்பு. ஐந்து சிவப்பை எடு. மிஞ்சுவது 2 கறுப்பு, அபுல் வஃபாவின் 2 தைன். அடுத்து 3 − (−2). இரண்டு கறுப்பை எடுக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. திரும்பவும் இரண்டு சோடி வை, இரண்டு கறுப்பை எடு. 5 சிவப்பு மிஞ்சுகிறது. "கழித்தால் எப்படிக் கூடும்?" என்ற கேள்வி அந்த மேசையிலேயே அடங்கிவிடுகிறது. வாப்பாவின் கடனை யாராவது எடுத்துவிட்டால் வீட்டு நிலைமை கூடத்தானே செய்யும்.

பெருக்கலுக்கு வந்தால் கடன் உதாரணம் கைவிட்டுவிடும், இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் தம் வாழ்க்கைக் கதையில் இதைச் சொல்கிறார். கிரனோபில் நகரில் படித்த காலத்தில், மறையை மறையால் பெருக்கினால் ஏன் நேர் என்று அவருக்கு யாராலும் விளக்க முடியவில்லை. 10,000 பிராங் கடனை 500 பிராங் கடனால் பெருக்கினால் ஒருவருக்கு எப்படி 50 இலட்சம் சொத்து வரும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடனைக் கடனால் யாரும் பெருக்குவதில்லை. இதற்கும் பூச்சியத்திடமே போக வேண்டும்.

4 + (−4) = 0. இதை முழுவதாக (−3) ஆல் பெருக்குங்கள். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். ஆகவே (−3) × 4 உம் (−3) × (−4) உம் சேர்ந்து பூச்சியமாக வேண்டும். முதலாவது என்ன? மூன்று ரூபாய்க் கடன் நான்கு தடவை, −12. அப்படியானால் இரண்டாவது, −12 உடன் சேர்ந்து பூச்சியமாகும் எண். அது +12 மட்டும்தான். யாரும் விதி போட்டுத் திணிக்கவில்லை. பூச்சியம் பூச்சியமாகவே இருக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

தரம் 10, 11 பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்தச் சீனச் சந்தைக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று தெரியாக் கணியங்கள், மூன்று சமன்பாடுகள், நடுவில் உள்ளதன் மறுபக்கம் பூச்சியம். அதிலிருந்து தொடங்கினால் சுகம்: 3 மாடும் 3 பன்றியும் 9 ஆட்டுக்குச் சமன் என்றால், ஒரு மாடும் ஒரு பன்றியும் 3 ஆடு. ஆட்டின் விலை 500 காசு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். மற்ற இரண்டையும் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.